ராமநாதபுரம் கடலோரத்தில் கிராவல் குவாரி: தோண்டும் முன்பே மூடும் கணக்கைப் போடுங்கள்

பட்டா நிலத்தில் ஓரடி மேல்மண்ணுக்குக் கீழே நல்ல கிராவல் (ரோட்டுக்குப் போடும் சரளை மண்) இருக்கிறது, ரோடு காண்ட்ராக்டர் வீடு தேடி வருகிறார், "அண்ணே, எல்லா பேப்பரும் நான் பாத்துக்கிறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்கிறார். அந்தக் கையெழுத்தைப் போடும் முன் இதைப் படியுங்கள். நான் இந்த வேலையில் இறங்கியபோது எந்த அலுவலகத்திலும் முழு வழியையும் ஒரே இடத்தில் சொல்ல ஆள் இல்லை. ஒரு மேசையில் கேட்டால் அடுத்த மேசை, அங்கே கேட்டால் சென்னை. கடைசியில் புரிந்தது இதுதான்: குழியை எப்படி மூடப்போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் ஆழம், அளவு, அனுமதி, செலவு எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். தலைகீழாகப் போனால் ஒவ்வொரு தாளையும் இரண்டாம் முறை போட வேண்டியிருக்கும்.

இது தனியார் பட்டா நிலத்துக்கான வழி. அரசு புறம்போக்கில் ஏல முறை வேறு. விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் கண்மாயில் வண்டல் எடுப்பது முற்றிலும் வேறு. அதற்குத் தாசில்தார் அனுமதி போதும் என்று கேள்விப்பட்டு, அந்த அனுமதியை வைத்துக்கொண்டு கிராவல் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். வண்டி பிடிபடும்.

1. வரைபடத்தை விரித்து, எங்கே தோண்ட முடியாது என்று முதலில் பாருங்கள்

நம் கடலோரத்தில் பாதி விண்ணப்பங்கள் இங்கேயே முடிந்துபோகக் கூடியவை. இதை ஒரு வாரத்தில், பெரிய செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம்.

கடலின் உயர் அலைக் கோட்டில் இருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். இதற்குள் மணல், பாறை, அடிமண் எதையும் வெட்டி எடுக்க முடியாது. பலர் மறப்பது கடலை அல்ல, கழிமுகத்தை. ஆற்றங்கரை என்ற ஊரில் வைகை, மூக்கையூரில் குண்டாறு, காரங்காடு பக்கம் அலையாத்திக் காட்டு ஓடைகள் என்று அலை ஏறி இறங்கும் தண்ணீர் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறதோ, அந்தக் கரையோரமும் மண்டலத்துக்குள் வரும். கடல் கண்ணுக்கே தெரியாத இடத்தில் நிலம் இருக்கிறது, நமக்கு எதற்கு என்று விடாதீர்கள். எல்லையோரமாக இருந்தால் 1:4000 அளவில் வரைபடம் போட்டு வாங்க வேண்டும். அதை எல்லோரும் போட முடியாது. அங்கீகாரம் உள்ள நிறுவனங்கள்தான் போடலாம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அதில் ஒன்று.

அடுத்து சரணாலயங்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால், மேல‑கீழ செல்வனூர் என்று நம் மாவட்டத்தில் பறவைச் சரணாலயங்கள் வரிசையாக இருக்கின்றன. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா தனி. தேசியப் பூங்கா, சரணாலய எல்லையில் இருந்து குறைந்தது ஒரு கிலோமீட்டருக்குள் குவாரிக்கு இடமில்லை. மத்திய அரசு அறிவித்த பாதுகாப்புத் தூரம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் கூடுதலான தூரமே செல்லும். அனுமதி கேட்கும்போது, 25 கிலோமீட்டர் சுற்றளவில் என்னென்ன காப்புப் பகுதிகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று வனத்துறைக் கடிதம் கேட்பார்கள். இந்தக் கடிதம் மெதுவாகத்தான் வரும். முதல் நாளே மனுப் போட்டு வையுங்கள்.

நிலத்துக்குள்ளேயே விட வேண்டிய இடங்கள்: பக்கத்துப் பட்டாவில் இருந்து 7.5 மீட்டர், புறம்போக்கில் இருந்து 10 மீட்டர், சாலை, ரயில் பாதை, நீர்நிலை, உயர் அழுத்த மின்கம்பி இவற்றில் இருந்து 50 மீட்டர். 300 மீட்டர் சுற்றளவில் வீடு, கோயில், பள்ளி என்ன இருக்கிறது என்று வி.ஏ.ஓ. சான்று தர வேண்டும்.

இதில் நம்மூருக்கே உரிய கண்ணி ஒன்று, கண்மாய் வரத்துக்கால். எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தில் ஒரு கோடும் இருக்காது. ஆனால் ஐப்பசி மழையில் நாலு வயல் தண்ணீர் உங்கள் நிலத்தின் ஓரமாகத்தான் ஓடிக் கண்மாய் சேரும். அதை வெட்டிவிட்டால் ஆயக்கட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்பார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான். ஊர்ப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு ஒரு முறை நிலத்தைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே வந்து எங்கே போகும் என்று அவர் கம்பால் கோடு போட்டுக் காட்டுவார். அந்தக் கோட்டைச் சர்வேயரிடம் சொல்லி வரைபடத்தில் ஏற்றிவிடுங்கள்.

2. மண்ணையும் தண்ணீரையும் சோதியுங்கள்

மண் எது என்பதை நீங்கள் சொன்னால் செல்லாது, ஆய்வகம் சொல்ல வேண்டும். சவுடு (நிரப்பு மண்) என்ற பெயரில் அனுமதி வாங்கி ஆற்று மணல் அள்ளியதாக மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குகள் குவிந்த பிறகு, மண்ணில் மணல் எவ்வளவு, களி எவ்வளவு, சரளை எவ்வளவு என்று அறிக்கை இல்லாமல் கோப்பு நகராது. சாயல்குடி, வாலிநோக்கம் பக்கம் செம்மணல் நிலம் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இல்மனைட், கார்னெட், மோனசைட் போன்ற கனமான கனிமங்கள் அதில் கலந்திருந்தால் அது சிறு கனிமச் சலுகைக்குள் வராது. தனியார் தொடவே முடியாத வேறு சட்டத்துக்குப் போய்விடும்.

தண்ணீர்தான் இந்தக் கட்டுரையில் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது. கடலோர மணற்பாங்கில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு இருக்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி இருந்தால் கீழே சுமார் நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு நாற்பது அடி ஏறும். நிஜத்தில் மண்ணின் அடுக்கைப் பொறுத்து இது கூடும் குறையும், ஆனால் போக்கு இதுதான். நீங்கள் குழி தோண்டி நீர்மட்டத்தைத் தொட்டு, அந்தத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தால் கரிப்பது உங்கள் குழி மட்டும் இல்லை, பக்கத்துத் தோட்டக் கிணறும், பெண்கள் சிரட்டையால் மோந்து குடம் நிறைக்கும் ஊத்தும்தான். ஒரு தடவை உப்பேறினால் பல மழைக்காலம் பெய்தாலும் திரும்புவது உறுதியில்லை.

அதனால் செய்ய வேண்டியது: நிலத்தின் நான்கு மூலையில் இரண்டில் சின்னக் குழாய் இறக்கி, நீர்மட்டம் எத்தனை அடியில் என்று அளந்து எழுதுங்கள். மார்கழியில் ஒரு அளவு, சித்திரையில் ஒரு அளவு. மார்கழி அளவுதான் முக்கியம், அப்போதுதான் மட்டம் மேலே இருக்கும். குவாரியின் அடி அந்த மார்கழி மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும், இடையில் குறைந்தது ஒரு மீட்டர் மண்ணாவது இருக்கட்டும். சுற்றியுள்ள கிணறுகளில் உப்பு அளவையும் டி.டி.எஸ். மீட்டர் கொண்டு அளந்து, தேதி போட்டு, கிணற்றுக்காரரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். மீட்டர் விலை சில நூறு ரூபாய்தான். நாளைக்கு "உன்னாலதான் கரிக்குது" என்று பேச்சு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அது. உண்மையிலேயே கரித்தால் முதலில் தெரிந்துகொள்வதும் நீங்கள்தான்.

3. குழியைக் காகிதத்தில் தோண்டி, காகிதத்திலேயே மூடுங்கள்

ஒரு உதாரணக் கணக்கு. 150 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், அதாவது ஒன்றரை ஹெக்டேர் நிலம். இரண்டு மீட்டர் ஆழம். தரகர் சொல்லும் கணக்கு 30,000 கன மீட்டர். அவர் அதை வைத்துத்தான் முன்பணம் பேசுவார்.

நான்கு பக்கமும் பட்டா நிலம்தான் என்று வைத்துக்கொண்டாலும் 7.5 மீட்டர் விட்டால் மிஞ்சுவது 135க்கு 85. சுவரை நேராக வெட்ட முடியாது. சரளை, களி போன்ற இளகிய மண்ணில் சரிவு 45 பாகைக்கு மேல் போகக் கூடாது, இல்லாவிட்டால் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேற்படாத படிகளாக வெட்ட வேண்டும், படியின் அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது. இது சுரங்கப் பாதுகாப்பு விதி. 45 பாகைச் சரிவில் கிடைப்பது சுமார் 22,000 கன மீட்டர். அதில் மேலே ஒரு அடி மேல்மண், அது விற்பனைக்கு இல்லை. அதைக் கழித்தால் 18,600. ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக சுமார் 6,600 யூனிட்.

இப்போது மூடும் கணக்கு. குழியை மீண்டும் விவசாயத்துக்கோ மேய்ச்சலுக்கோ விட வேண்டும் என்றால் ஆடு மாடு இறங்கி ஏறும் சரிவு வேண்டும், மூன்றுக்கு ஒன்று, அதாவது மூன்று மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் இறக்கம். அந்தச் சரிவிலேயே முதலில் இருந்து வெட்டினால் விற்பனைக்குக் கிடைப்பது சுமார் 6,000 யூனிட். வித்தியாசம் 600 யூனிட்டுக்கும் கீழே. அந்த 600 யூனிட்டுக்கு ஆசைப்பட்டு 45 பாகையில் வெட்டிவிட்டால், கடைசியில் சரிவைச் சமன் செய்ய மண் எங்கிருந்து வரும்? வெளியில் காசு கொடுத்து வாங்க வேண்டும், அல்லது பாதுகாப்புக்கு விட்ட ஓரத்தை வெட்ட வேண்டும். ஓரத்தை வெட்டினால் நிபந்தனை மீறல்.

மேல்மண் கணக்கையும் இங்கேயே போட்டுவிடுங்கள். 3,400 கன மீட்டர் மேல்மண்ணை ஒன்றரை மீட்டர் உயரத்தில் குவிக்க அரை ஏக்கருக்கு மேல் இடம் வேண்டும். ஓரத்தில் விட்ட பட்டையில் மரம் வேறு நட வேண்டும், அங்கே இடம் பத்தாது. வழி என்னவென்றால் நிலத்தை மூன்று பாத்தியாகப் பிரிப்பது. முதல் பாத்தியின் மேல்மண்ணை மட்டும் ஓரமாகக் குவியுங்கள். முதல் பாத்தி வெட்டி முடிந்ததும் இரண்டாம் பாத்தியின் மேல்மண்ணை வழித்து நேராக முதல் பாத்தியின் அடியில் பரப்புங்கள். மூன்றாவதை வழித்து இரண்டாவதில். கடைசியில், குவித்து வைத்தது மூன்றாவதுக்கு. மண்ணை இரண்டு முறை தூக்கும் ஹிட்டாச்சி வாடகை மூன்றில் இரண்டு பங்கு மிச்சம், குழியும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்து கிடக்காது.

குழியை ஊருணியாக விட்டுவிடலாம் என்று பலர் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், மூடும் செலவு மிச்சம் என்று. களி அடியில் இருந்தால் சரி. சரளையும் மணலுமாக இருந்தால் தை மாதமே தண்ணீர் கீழே இறங்கிவிடும். நீர்மட்டத்தைத் தொட்டிருந்தால் கரிக்கும். அப்புறம் யாராவது வந்து இறால் குட்டை போடலாம் என்பார்கள். அதற்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையப் பதிவு தனி, உங்கள் குவாரி அனுமதியில் அது கிடையாது.

4. ஆவணக் கட்டு

சேர்த்து வைக்க வேண்டியவை: பட்டா, சிட்டா, அடங்கல், ஏ‑பதிவேடு (கிராம நில விவரப் பதிவேடு) நகல், எஃப்.எம்.பி., கிராம வரைபடம், பத்திர நகல், வில்லங்கச் சான்று, கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்காளிகளின் சம்மதப் பத்திரம், ஆதார், பான், வருமான வரி மற்றும் கனிமப் பாக்கி இல்லை என்ற உறுதிமொழி.

மாட்டிக்கொள்ளும் இடம் சம்மதப் பத்திரம். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் தம்பி கையெழுத்து இல்லாமல் கூட்டுப் பட்டா நகராது. அவர் அங்கிருந்து பவர் அனுப்ப வேண்டும் என்றால் இந்தியத் தூதரகச் சான்றுடன் வர வேண்டும், வந்த பிறகு இங்கே முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். முதலில் தனிப் பட்டாவாகப் பிரித்துக்கொள்வது பல நேரம் வேகமான வழி. அரசு ஒப்படைப்பு நிலம், பஞ்சமி நிலம், பூமிதான நிலம், தேவஸ்தான நிலம் என்று ஏ‑பதிவேட்டில் சிறு குறிப்பு இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

5. கோப்பு போகும் வழி

விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்கு, புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் மாவட்ட அலுவலகம் வழியாக. தாசில்தார், கோட்டாட்சியர் அறிக்கை வரும், சுரங்க அலுவலர் வந்து நிலத்தைப் பார்ப்பார். எல்லாம் சரி என்றால் இந்தப் பரப்பு தரலாம் என்று ஒரு கடிதம் வரும். பிரிசைஸ் ஏரியா லெட்டர் என்பார்கள். இது அனுமதி இல்லை. இந்தக் கடிதத்தைக் காட்டி "கிடைச்சிருச்சு" என்று ஜேசிபி இறக்கியவர்கள் இருக்கிறார்கள்.

கடிதம் வந்த பிறகு, தகுதி பெற்றவர் ஒருவரை வைத்துச் சுரங்கத் திட்டம் தயாரித்து அதே அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். உங்கள் மூன்று பாத்திக் கணக்கும், மூன்றுக்கு ஒன்று சரிவும், மூடும் திட்டமும் இந்தத் தாளில் ஏற வேண்டும். தயாரிப்பவர் வேறு ஊர்க் கல்குவாரித் திட்டத்தில் பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் மாற்றிக் கொடுப்பது சாதாரணமாக நடப்பது. ஒவ்வொரு பக்கமும் வாசியுங்கள். கிராவல் நிலத்துக்கு வெடிமருந்துப் பத்தி இருந்தால், காப்பி அடித்தது என்று உடனே தெரிந்துவிடும்.

அதன் பிறகு சுற்றுச்சூழல் அனுமதி. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம், சென்னையில் மாநில நிபுணர் குழு முன் விளக்கம். 5 ஹெக்டேருக்குக் கீழ் என்றால் பொதுமக்கள் கருத்துக் கேட்பு கிடையாது. ஆனால் 500 மீட்டருக்குள் இருக்கும் மற்ற குவாரிகளையும் சேர்த்து 5 ஹெக்டேரைத் தாண்டினால் பெரிய பிரிவுக்குப் போய்விடும். முழுத் தாக்க அறிக்கை, கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒரு வருடம் கூடுதலாகும். பக்கத்துக்காரர் தன் குவாரிக்கு மனுப் போட்டிருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 500 மீட்டர் கடிதத்தைச் சுரங்க அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

விதிப்படி நிபுணர் குழுவுக்கு 60 நாள், அதன் பரிந்துரையைப் பார்த்து அனுமதி தரும் மாநில ஆணையத்துக்கு 45 நாள், மொத்தம் 105 நாள். ஆனால் ஒரு தாள் குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், கடிகாரம் மறுபடியும் முதலில் இருந்து ஓடும். குழு முன் விளக்கத்துக்கு ஆலோசகரை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் போங்கள். கிணறு எத்தனை அடி, கண்மாய் எந்தப் பக்கம், தண்ணீர் எப்படி ஓடும் என்றுதான் கேட்பார்கள். கிராவலுக்கு அவர்கள் ஆழத்தைக் குறைத்துத் தருவதும் உண்டு. கையில் உங்கள் மார்கழி அளவு இருந்தால் பேச்சு நேராகப் போகும்.

கடைசியாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, குத்தகை ஒப்பந்தம், பதிவு. ஒப்பந்தம் பதிவாகும் வரை ஒரு சட்டி மண்ணும் வெளியே போகக் கூடாது.

6. காசு எங்கெங்கே போகும்

தொகைகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் விகிதங்களைச் சொல்கிறேன். எடுக்கும் மண்ணின் அளவுக்கு இவ்வளவு என்று அரசுக்குக் கட்ட வேண்டியது சீனியரேஜ். அதன் மேல் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு 10 சதவீதம், பசுமை நிதி 10 சதவீதம், வருமான வரிப் பிடித்தம் 2 சதவீதம். சீனியரேஜ் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதை வாங்குகிற நீங்களே கட்ட வேண்டும். பலரை ஆடிட்டர் கடைசியில் கூப்பிட்டுச் சொல்வது இதைத்தான். ஆக சீனியரேஜ் 100 ரூபாய் என்றால் கையில் இருந்து போவது 140. 2025 ஏப்ரலில் இருந்து தமிழ்நாட்டில் கனிம நில வரியும் தனியாக வந்திருக்கிறது. உங்கள் கனிமத்துக்கு அன்றைய விகிதம் எவ்வளவு என்று மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

இதெல்லாம் மண் விற்றால்தான். மண் விற்கும் முன்பே போகும் செலவு: வரைபடம், மண் பரிசோதனை, சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் ஆலோசகர், முத்திரைத்தாள், கம்பி வேலி. ஆலோசகரிடம் மொத்தமாகப் பேசாதீர்கள். ஒப்புதல் தாள் கைக்கு வரும்போது இத்தனை என்று நாலு தவணையாகப் பிரியுங்கள்.

மூடும் பணத்தை முதல் லோடில் இருந்தே பிரித்து வையுங்கள். வங்கியில் தனிக் கணக்கு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று. மேல்மண் பரப்ப, சரிவு சீர் செய்ய, செடி, இரண்டு கோடைக்குத் தண்ணீர் லாரி, காவல் இவ்வளவுக்கும் மதிப்புப் போட்டு 6,000ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று வந்துவிடும். காண்ட்ராக்டரிடம் விலை பேசும்போது அந்தத் தொகையைச் சேர்த்துப் பேசுங்கள். குவாரி முடிந்த பிறகு அவர் போனை எடுக்க மாட்டார்.

7. பருவத்தை வைத்து நாட்காட்டி

நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அந்த மாதங்களில் குழிக்குள் வண்டி இறங்காது, இறங்கவும் கூடாது. தை பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்து புரட்டாசிக்குள் ஒரு பாத்தியை முடித்து, மேல்மண் பரப்பி, விதை போட்டுவிட வேண்டும். மழை வந்து செடியை அதுவே வளர்க்கும். புரட்டாசியில் மேல்மண் பரப்பாமல் குழி திறந்து கிடந்தால் முதல் மழையில் சரிவு அரித்து, ஓரப் பட்டை உடைந்து, பக்கத்து வயலுக்குள் சேறு போகும்.

இதைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், தையில் தோண்ட வேண்டும் என்றால் முந்தின வருடம் தையிலேயே விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். மார்கழி நீர்மட்டம் அதற்கும் முன்னால்.

8. தோண்டும்போது

ஒவ்வொரு வண்டிக்கும் நடைச்சீட்டு, இப்போது சுரங்கத் துறையின் மிமாஸ் இணையதளத்தில் எடுக்க வேண்டும். சீட்டில் நேரம் இருக்கும், அந்த நேரம் கடந்து அதே சீட்டில் இரண்டாவது லோடு ஓட்டினால் அது திருட்டு மண். சட்ட விரோதமாக எடுத்தால் ஐந்து வருடம் வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் வரை அபராதம், வண்டி பறிமுதல். வழக்கு வருவது டிரைவர் மேல் மட்டும் இல்லை, குத்தகைதாரர் மேலும்தான்.

"ரெண்டு அடி கூடப் போனா யாருக்குண்ணே தெரியப் போகுது?" என்று கேட்பார்கள். தெரியும். அளவெடுத்துப் பார்க்கிறார்கள். நீங்களே நான்கு மூலையிலும் சிமெண்ட் கல் ஊன்றி, மட்டத்தைப் பெயிண்டில் எழுதி, மாதம் ஒரு முறை லெவல் எடுத்து நோட்டில் எழுதுங்கள். ஆழம் எங்குமே ஆறு மீட்டரைத் தாண்டாமல், ஒரு நாளில் ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யாமல், வெடி வைக்காமல் இருந்தால் கிராவல் குழிக்குச் சுரங்கத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் பெரும்பகுதியில் இருந்து விலக்கு உண்டு. இரண்டு மீட்டர்க் குழிக்கு இது தானாகவே பொருந்தும். ஆனாலும் சரிவு விதியைக் கைவிடாதீர்கள். மண் சரிந்து ஆள் புதைந்தால் விலக்கு வந்து காப்பாற்றாது.

6,000 யூனிட், மூன்று யூனிட் டிப்பர் என்றால் 2,000 நடை. அத்தனையும் ஊர்ச் சாலையில்தான். பள்ளி விடும் நேரம் வண்டி ஓடக் கூடாது, தார்ப்பாய் போட வேண்டும், காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளிக்க வேண்டும். சாலை பழுதானால் யார் செலவு என்பதை ஊராட்சியிடம் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். குழியில் பானை ஓடு, செங்கல் வரிசை தட்டுப்பட்டால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள், பழங்காலத் துறைமுகத்தைத் தோண்டி எடுத்த அழகன்குளம் இருக்கும் மாவட்டம் இது.

சுற்றுச்சூழல் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஜூன் 1, டிசம்பர் 1. குழி வேலை செய்யாத மாதங்களிலும் அனுப்ப வேண்டும்.

9. மண்ணைத் திருப்பிப் போடுவது

வண்டி ஓடி ஓடிக் குழியின் அடி தரை மாதிரி இறுகிப்போயிருக்கும். அதன் மேல் மேல்மண்ணைப் பரப்பினால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி, வேர் அழுகும். முதலில் டிராக்டரில் உளிக்கலப்பை போட்டு இரண்டு பக்கமும் குறுக்கு உழவு. அப்புறம் மேல்மண். பரப்பிய பிறகு டிப்பரை அதன் மேல் ஏற்றாதீர்கள்.

குவித்து வைத்த மேல்மண்ணில் கொழிஞ்சி, அவுரி விதையைத் தூவி வைத்தால் காற்றில் பறக்காது, மண்ணும் சாகாது. விடுமுறை விட்ட மாதிரி சும்மா போட்டு வைத்தால் முளைப்பது ஒன்றே ஒன்றுதான், சீமைக் கருவேலம். ஆடு தின்று போட்ட புழுக்கையில் இருந்து, கிளறிய மண் எங்கே என்று பார்த்து வரும். முழங்கால் உயரத்தில் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். இடுப்பளவு வந்தால் வெட்டத்தான் முடியும், வெட்டினால் நாலாகத் தழையும். முதல் இரண்டு மழைக்குப் பிறகு கூலி ஆள் வைத்துப் பிடுங்கும் செலவை மூடும் கணக்கில் கட்டாயம் சேருங்கள். அனேகமாக யாரும் சேர்ப்பதில்லை.

ஓரத்துக்குப் பனை. ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தில் இருந்து கொட்டை எடுத்து, கரையின் இளகிய மண்ணில் மழைக்கு முன் புதையுங்கள். பனை முதலில் கீழே கிழங்கு விட்டுத்தான் மேலே வரும், மேலே ஒன்றும் காணோமே என்று தோண்டிப் பார்க்காதீர்கள். குழியின் இறுகிய அடியில் பனை போடுவது வீண். சரிவில் உடை, வேம்பு, புங்கம். உப்புக் காற்று நேராக அடிக்கும் பக்கம் பூவரசு. முதல் இரண்டு சித்திரை, வைகாசிக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் நிற்கும். ஏற்கெனவே நிலத்தில் நிற்கும் பனையை வெட்ட அனுமதி வேண்டும் என்பதால், அளவெடுக்கும்போதே அவை ஓரப் பட்டைக்குள் வருமாறு எல்லையை நகர்த்தப் பாருங்கள்.

10. கணக்கை முடிப்பது

கடைசி லோடு போன அன்றைக்கு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். மீதமுள்ள நடைச்சீட்டுகளை ஒப்படைக்க வேண்டும், கட்டிய சீனியரேஜும் அளந்த கன மீட்டரும் பொருந்துகின்றன என்று கணக்கு முடிக்க வேண்டும், மூடும் திட்டப்படி செய்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்து நேரில் பார்வையிடச் சொல்ல வேண்டும். பார்வைக்கு மழை முடிந்த தை மாதத்தில் கூப்பிடுங்கள், செடி பச்சையாக இருக்கும், தண்ணீர் எங்கே நிற்கிறது எங்கே ஓடுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். ஆரம்பத்தில் எடுத்த அதே மூலைகளில் இருந்து அதே கோணத்தில் புகைப்படம் எடுத்து இணையுங்கள். அதே கிணறுகளில் டி.டி.எஸ். அளந்து, பழைய நோட்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி, கிணற்றுக்காரரிடம் மறுபடியும் கையெழுத்து வாங்குங்கள். பாதுகாப்பு வைப்புத் தொகையைத் திருப்பிக் கேட்கும் மனுவோடு இந்த நோட்டின் நகலையும் வையுங்கள். வைப்புத் தொகை தானாக வராது, கேட்டு எழுதினால்தான் வரும். மனுவின் ஒப்புகைச் சீட்டைப் பட்டாவோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.